ஒன்று எங்கே

பெரம்பூர் பாரக்ஸ் ரோட்டில்
பேட்டரிக் கடைக்கு மேல்மாடி.
மணிக்கு நூற்றைம்பது வாடகை,
ஆசிட் வாசனை இலவசம்.

முதல் நாள் பாட்டு பாதியில் நின்றதற்குச்
சுருதி காரணமில்லை.
ஒன்று எங்கே என்பதில் சண்டை.

சுபத்ராவுக்கு அது தொடையில் விழும் உள்ளங்கை.
நங்கநல்லூரில் பதினான்கு வருடம்
தட்டித் தட்டி
வலது தொடையே கடிகாரமாகிவிட்டது அவளுக்கு.
தூக்கத்திலும் சமத்துக்கு வந்துவிடுவாள்.

தணிகைக்கு ஒன்று என்பது இடது கால்.
புளியந்தோப்பில் மாமாவின் பேண்டு செட்,
சாவு ஊர்வலத்துக்கு ஸைட் டிரம்.
பாடை தூக்குகிறவன் கால் தடுக்கினால்
அடியும் தடுக்க வேணும்ணா,
இல்லேன்னா பொணம் சாஞ்சிடும் என்றான்.
டெம்போவை இதைவிடத் தெளிவாக
யாரும் எனக்கு விளக்கியதில்லை.

இக்னேஷியஸ், ராயபுரத்து டிரம்பெட்,
எண்ணுவதே இல்லை. மூச்சு வாங்குகிறான்.
ஈஸ்டர் விடியலில் தூணுக்குப் பின்னால் நிற்பவனுக்கு
நடத்துனரின் கை தெரியாது.
முன்வரிசை ஆல்ட்டோ பெண்களின்
தோள்கள் ஏறுவதைப் பார்த்து நுழைந்து பழகியவன்.

ஹர்ஷித் ஜெயின், பியானோ, எட்டாம் கிரேடு, சௌகார்பேட்டை.
அவனுடைய ஒன்று தாளில் இருக்கிறது.
தாள் இல்லாவிட்டால்
கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்,
அப்பாவின் பாத்திரக் கடையில்
ஆள் வராத மதியம் போல.

நான் பேஸ் கிட்டார். ஆடி மாதத்து ஆள்.
கூழ் ஊற்றும் தெருக்களில் சினிமாப் பாட்டு,
இரவுக்கு எழுநூறு.
பாடுகிறவன் எங்கே வைக்கிறானோ
அங்கேதான் எனக்கு ஒன்று.
குடித்திருந்தால் இரண்டு இடத்தில் வைப்பான்.
இரண்டுக்கும் போய் நின்றிருக்கிறேன்.

இந்த ஐந்து பேரும் ஜாஸ் வாசிப்போம் என்று
ஆழ்வார்பேட்டை காபிக் கடையில் சொன்னவன் ஹர்ஷித்.
"ஸாஃப்டா இருக்கும்ல?" என்றார் முதலாளி.
"இருக்கும் சார்" என்றான் தணிகை,
குச்சிகளை முதுகுக்குப் பின்னால் பிடித்தபடி.

ஐப்பசி மழை. பதினோரு பேர்.
அதில் மூன்று பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.
இரண்டாவது பாட்டில் கரண்ட் போனது.

பியானோ செத்தது.
நான் செத்தேன், கம்பிகள் கொசு போல் முனக.
தாள்கள் கறுத்தன.
தணிகை நிறுத்தவில்லை.
தெருவிளக்கு அணைந்தால்
யாரும் பாடையை இறக்கி வைப்பதில்லை.

அப்போதுதான் கேட்டேன்,
இத்தனை மாதத்தில் முதல்முறையாக,
இக்னேஷியஸ் மூச்சை இழுக்கும் சத்தம்.
அத்தனை பெரிய கதவு அது.
சுபத்ரா அதற்குள் நுழைந்தாள், தாமதமாக,
வேண்டுமென்றே தாமதமாக.
தொடையில் கை விழவில்லை.
விழவேண்டிய இடத்தைத் தாண்டிப்போய்
திரும்பிப் பார்த்துவிட்டு வந்தது அவள் குரல்.

பக்கத்தில் டக், டக், டக்கென்று
பிளாஸ்டிக் சத்தம்.
செத்த கட்டைகளை ஹர்ஷித்
அழுத்திக்கொண்டே இருந்தான்.
யாருக்கும் கேட்காது என்று நினைத்திருப்பான்.

கரண்ட் வந்தது.
பியானோவின் சிவப்பு விளக்கு கண் திறக்க நாலு நொடி.
பிறகு அவன் விரல்கள் இருந்த இடத்திலிருந்து
ஒரு கார்டு வெடித்தது.
எந்தத் தாளிலும் இல்லாதது.
மழைக்கு ஒதுங்கியவர்களில் ஒருவர்
"அய்யோ" என்றார்,
நல்ல அய்யோவா தெரியவில்லை.

மூவாயிரத்தில் ஐந்து காபியைக் கழித்துக்கொண்டார்கள்.
வாசலில் நின்று மறுபடியும் சண்டை:
அந்தக் கார்டு விழுந்தது ஒன்றிலா, இல்லையா.
சுபத்ரா இல்லை என்றாள்.
இக்னேஷியஸ் சிரித்தான்.
ஹர்ஷித் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்,
யாரோ கொடுத்துவிட்டுப் போன பொட்டலம் மாதிரி.

தணிகை மட்டும் பைக்கை உதைத்தான்.
நாளை நாலு மணிக்கு ஓட்டேரி.
யாரோ ஒருவர்
சாயாமல் போய்ச் சேரவேண்டும்.